பிணம் பேச இடம் விடணும்

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக நடிக்க வந்த பிள்ளைகள் கேட்டதால்தான் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

படப்பைப் பக்கம் ஒரு தோப்பில் ஷூட்டிங். சாவு வீட்டு காமெடி சீன். அப்போதே பேர் போன காமெடி நடிகரான தசரதன் அண்ணா பாடையில் பிணமாகப் படுத்திருந்தார். நான் அவருக்குப் பெண்சாதி. எனக்குக் கூச்சம் அதிகம், ஆனால் ஒப்பாரி நன்றாக வரும். கேமரா ஓடியதும் மூச்சு விடாமல் அழுது தீர்த்தேன்.

டைரக்டர் கத்தினார். "கட்! என்னம்மா, நெஜ சாவா இது? அவர் டயலாக்க எங்க பேசுவாரு?"

அண்ணா எழுந்திருக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "வுடு சார், பயந்துகினு கீது. தோ பாரும்மா, 'என்ன வுட்டுட்டுப் போயிட்டியே ராசா'ன்னு இழு. இழுத்துட்டு டக்குனு நிறுத்து. எனக்கு எடம் வுடு. பொணம் பேசறதுக்கு கேப் வோணும்ல?"

அடுத்த டேக்கில் நிறுத்தினேன். அவர் படுத்தபடியே, "எங்கடி போனேன்? இங்கதான கீறேன்" என்றார். லைட்மேன்கூடச் சிரித்துவிட்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ படத்தில் நாங்கள் ஜோடி. தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கப் போனால், "அக்கா, ஒருவாட்டி அழுவுக்கா" என்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன்.

2. ஊரப்பாக்கம் வீடு

போன வருஷம் அண்ணா ஊரப்பாக்கத்து வீட்டில் இறந்துபோனார். நான் போய் வாசல் ஓரமாகவே நின்றேன். என் அழுகையைக் கேட்டால் ஜனம் சிரிக்கும், அவர் சாவு காமெடி ஆகிவிடும். முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

அவர் மனைவி பட்டம்மா அக்கா பார்த்துவிட்டார். "இன்னாடி அங்கயே நின்னுகினு கீற? வந்து அழு."

"வேணாங்க்கா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புலதான் எங்க வூட்ல அடுப்பு எரிஞ்சிது. வா."

போய் உட்கார்ந்தேன். 'அண்ணா' என்று அழத்தான் வாயைத் திறந்தேன். பழகின வரிதான் வந்தது. "என்ன வுட்டுட்டுப் போயிட்டியே ராசா..." பின்னால் சிரித்தார்கள். செல்போன்களைத் தூக்கினார்கள். நான் பழக்கத்தில் டக்கென்று நிறுத்திவிட்டேன். அவருக்கு இடம் விட்டேன்.

பதில் வரவில்லை.

சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பட்டம்மா அக்கா என் தோளில் விழுந்து கதறினார்.

நடிக்க வருகிற பிள்ளைகளே, எனக்குத் தெரிந்த தொழில் இவ்வளவுதான். கூட நடிக்கிறவருக்கு இடம் விடுங்கள்.

முதல் ஷூட்டிங் படப்பையிலா, பக்கத்து ஊரிலா என்பது சரியாக ஞாபகமில்லை. தெரிந்தவர்கள் திருத்துங்கள். அன்றைக்குச் செல்போனில் எடுத்தவர்கள் இருந்தால், நான் நிறுத்தியது எவ்வளவு நேரம் என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு வெகுநேரம் போல இருந்தது.