தலைக்கு மேல் பவர் டேபிள்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் ஓனர், பனியன் தைக்கிற பவர் டேபிள் மிஷின்களை இறக்கியபோது, என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பைக்கில் போனவரை வேன் இடித்ததில் தலையில் அடி. இனி பயமில்லை, ஆனால் சத்தம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டம்ளர் கீழே விழுந்தாலே இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வார்.

காலையில் மிஷின்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் அலமாரிப் பாத்திரங்கள் நடுங்கும். மாடிக்குப் போய் ஓனரிடம் விவரத்தைச் சொன்னேன்.

"திருப்பூர்ல இருந்துக்கிட்டு மிஷின் சத்தம் ஆகாதுன்னா எப்புடீங்க அம்மிணி? நீங்களும் பனியன் கம்பெனிக்குத்தானுங்களே போறீங்க" என்றார். முகத்தில் சிரிப்பு வேறு. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இவ்வளவு பணிவாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

நான் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். அங்கே கேட்டு ஒரு மூட்டை துண்டுத்துணி வாங்கிவந்து, பழைய போர்வைகளுக்குள் அடைத்துத் தடித்தடியாக மெத்தை தைத்தேன். சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் கனத்த திரை. தரை முழுக்க ஜமுக்காளம். பாத்திர அலமாரியில் துணி விரித்தேன், நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டினேன்.

அறைக்குள் எதிரொலி அடங்கியது உண்மைதான். நாங்கள் பேசுவதும் நடப்பதும் மெத்தென்று ஆனது. ஆனால் மேலே இருந்து தளத்தின் வழியாக இறங்கிய அதிர்வு மட்டும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. காற்று நின்றுபோய் வீடு வெந்தது. என் கணவர் வியர்வையில் நனைந்து படுத்திருந்தார்.

"என்னய மூட்டை கட்டி வெச்சாப்ல இருக்குது" என்றார் ஒருநாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சத்தம் போடுகிறவன் சும்மா இருக்க, கேட்கிறவர்கள் மூட்டைக்குள் கிடக்க வேண்டுமா?

அந்த வாரமே தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்த ஓனர் வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார். படுத்திருந்தவரை விசாரிக்கவில்லை. அவர் கண் சுவருக்குப் போனது.

"செவுத்துல ஆணி அடிக்கலாமுங்களா அம்மிணி? பூச்சு உதுந்துருமுங்க."

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. மாட்டியிருந்த மெத்தைகளை ஆணியோடு பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினேன். சுவிட்ச் போர்டைத் தேடி எல்லாவற்றையும் அணைத்தேன். தைத்துக்கொண்டிருந்தவர்கள் கையைத் தூக்கியபடி என்னையே பார்த்தார்கள். மெத்தைகளை மிஷின் கால்களுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். ஒரு மிஷினைத் தூக்கிக்கொடுத்தார்கள், வைத்தோம். ஓட்டியதும் அது ஆட்டம் கண்டு தையல் கோணியது.

பின்னாலேயே ஏறி வந்த ஓனர், "பார்த்தீங்களா, ஆகாதுங்க" என்றார். குரலில் அத்தனை நிம்மதி.

"இது ஆகாதுன்னா ஆகற எதையாச்சும் வாங்கிப் போடுங்க. அதுக்கு முன்னால கீழ வந்து எங்கூட்டுக்காரர் பக்கத்துல உக்காருங்க. எல்லா மிஷினையும் ஓட்டச் சொல்றேன்."

நான் அவரைத் தொடவில்லை. ஆனால் வராமல் விடமாட்டேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். வந்து கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே மிஷின்கள் ஓடின. என் கணவர் காதைப் பொத்திச் சுவர்ப்பக்கம் சுருண்டுகொண்டார். ஓனர் தரையைப் பார்த்தார். பிறகு எழுந்து போனார்.

சில நாட்களில் ஒவ்வொரு மிஷினின் கால்களுக்கும் கெட்டியான ரப்பர் வந்தது. சத்தம் போய்விடவில்லை. ஆனால் தளம் அதிர்வது நின்றது. ஜன்னல் திரைகளைக் கழற்றினேன். அன்று மத்தியானம் என் கணவர் காற்றுபடத் தூங்கினார்.

இத்தனை சுலபத்தில் முடிகிற வேலைக்கு என் கணவரை அவ்வளவு நாள் நோக வைத்தாரே இந்த ஓனர் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முடியாத மனுசனுக்காகத் தானே பார்த்துச் செய்ததாக ஓனர் தெருவில் சொல்லிக்கொள்கிறார். என் காதுபடவே சொல்கிறார். கேட்கும் போதெல்லாம், மறுபடியும் மாடியேறி சுவிட்சை அணைக்கலாம் போலத்தான் இருக்கிறது.