பாலிகைக் கிண்ணத்தில் ஆஸ்டர்

நவராத்திரி மூன்றாம் நாள் காலையில் எங்கள் வீட்டில் முதல் ஆஸ்டர் பூத்தது. ஊதா நிறம். உள்ளங்கை அளவுகூட இல்லை. அதைப் பார்த்து நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா?

வைகாசியில் மூன்று வாரம் இந்தப் பத்தி வரவில்லையே, நினைவிருக்கிறதா? ஊருக்குப் போய்விட்டேனா என்று சிலர் கார்டு போட்டுக் கேட்டிருந்தீர்கள். எங்கேயும் போகவில்லை. மைசூர் அக்ரஹாரத்து வீட்டிலேயேதான் இருந்தேன். என் கணவர் டைபாய்டில் படுத்திருந்தார்.

ஜுரம் ஒருவழியாக விட்டது. ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லை. "மெள்ள நடக்க ஆரம்பிக்கணும். படுத்தே கிடந்தால் கால் வலுவே போய்விடும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவரோ, "நாளைக்குப் பாக்கலாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். எத்தனை நாளைக்கு! கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன்... ஒன்றும் பலிக்கவில்லை. இவர் இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

அப்போதுதான் பெங்களூர் சிநேகிதர் ஒருவர் ஒரு பாக்கெட் ஆஸ்டர் விதை அனுப்பினார். வெளியே ஆனி மழை. தோட்டத்தில் தூவினால் அடித்துக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள்ளேயே முளைக்க வைக்கலாம் என்று நினைத்தேன். பரணில், மாசியில் நடந்த எங்கள் பெண் கல்யாணத்துப் பாலிகைக் கிண்ணங்கள் ஐந்து இருந்தன. கல்யாணத்தில் தூவி முளைத்த நவதானியத்தை ஆற்றில் கரைத்த பிறகு கழுவிக் கவிழ்த்து வைத்த மண்கிண்ணங்கள். கழுத்தில் சுற்றிய மஞ்சள் நூலைக்கூட நான் அறுக்கவில்லை. சோம்பல்தான்... வேறென்ன?

சலித்த மண், மக்கிய சாணம், கொஞ்சம் ஆற்று மணல். விதையை இவரே கட்டிலில் சாய்ந்தபடி தூவினார். ஜன்னலோரம் வைத்து, ஈரத்துணி போட்டு மூடினோம். எட்டாம் நாள் — ஊசிமுனை போலப் பச்சை! அன்றிலிருந்து கண் விழித்ததும், "வளந்திருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு மாதத்தில் அவர் ஆசையாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

நாற்று நாலு இலை விட்டிருந்தபோது கும்பகோணத்திலிருந்து இவருடைய அக்கா வந்தார். உடம்பு முடியாமல் கல்யாணத்துக்கு வராமல் போனவர். தம்பியைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதார். மறுநாள் காலையில் பார்த்தால், ஜன்னலோரம் வெறிச்சென்று இருந்தது.

கொல்லைக்கு ஓடினேன். குளித்து ஈரப்புடவையோடு அக்கா, கடைசிக் கிண்ணத்தைக் கிணற்றுக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அக்கா!"

"என்னடி ஐயோ? கல்யாணப் பாலிகையைக் கரைக்காம நாலஞ்சு மாசமா ஆத்து ஜன்னல்ல வச்சுண்டிருக்கே! எந்தம்பி ஏன் படுக்கமாட்டான்?"

"பாலிகையெல்லாம் அப்பவே கரைச்சாச்சு. இது ஆஸ்டர் நாத்து! தானியம் இப்படியா முளைக்கும்?"

"இத்தனை மாசம் கிடந்தா இப்படித்தான் சூம்பிப் போகும்!"

இவரிடம் போய் என்னவென்று சொல்வேன்? நாங்கள் போட்ட சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். பின்னால் ஏதோ அரவம். திரும்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் வெடவெடக்க நிற்கிறார்... என் கணவர்! கட்டிலிலிருந்து கொல்லை வரைக்கும் தாமாகவே நடந்து வந்திருக்கிறார்!

"மிதக்கறதா பாரு! வாளியை விடு, சீக்கிரம்!"

அக்கா வாளியை விட்டு இறைக்க ஆரம்பித்தார். "ஏனாயித்து?" — என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டுப் பதறி வந்த பக்கத்து வீட்டு கௌரம்மா, விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய் மாவுச் சல்லடையைக் கொண்டுவந்தார். வாளித் தண்ணீரைச் சல்லடையில் ஊற்ற ஊற்ற, இவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நாற்றுகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்தார். பதினோரு நாற்று பிழைத்தது.

அப்புறம்? திரும்பவும் அதே கிண்ணங்களில் நட்டு, கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்தோம். அவற்றைப் பார்க்க இவர் தினமும் கொல்லைக்கு நடந்தார். பிறகு வாசல் வரை. ஆவணியில் ஆபீஸுக்கே! விஜயதசமியன்று மகாராஜாவின் யானை ஊர்வலத்தை எங்களோடு நின்றே பார்த்தார்.

நாம் பார்த்துப் பார்த்துச் செய்கிற நல்ல காரியம் சில சமயம் ஒரு அடிகூட நகருவதில்லை. யாரோ பிரியத்தில் செய்கிற தப்பு, காரியத்தை முடித்துவிடுகிறது. அன்று அக்காவை மனத்துக்குள் திட்டினேன். இன்று அவரை நினைத்தால் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. கௌரம்மாவின் சல்லடையை நினைத்தாலும்தான்.

போன வாரம் அக்காவின் கடிதம் வந்தது. "பாலிகையைக் கரைச்ச அன்னிக்கே எழுந்து நடந்தான் பாத்தியா? நான் அப்பவே சொன்னேனே!"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதும் ஒரு வகையில் நிஜம்தானே! கவரில் ஊதா இதழ் ஒன்றை வைத்து, "ஆமாம் அக்கா" என்று எழுதிப் போட்டேன்.

அந்தக் கிண்ணங்களில் மஞ்சள் நூல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது — இந்த முறை சோம்பலால் அல்ல.