பாதி வழியில் கிடைத்த மூச்சு

போன மார்கழியில் என் வீட்டுக்காரருக்குப் படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு அடைக்கும். நாற்காலியில் தலையணையைச் சாய்த்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. விடிந்து கதவைத் திறந்தால் தேயிலைச் செடிகளின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதைப் பார்த்து ஆசை ஆசையாகப் படம் எடுப்பார்கள். நானோ அந்த வெள்ளையைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்வேன்.

என் பெயர் பார்வதி. அவர் பெயர் மாடசாமி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் நாங்கள் பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் மூணாறு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில்தான். நான் கொழுந்து பறித்தேன். அவர் ஃபேக்டரியில் தேயிலை சலிக்கும் இடத்தில் வேலை பார்த்தார். அந்தத் தூசியும் இந்தக் குளிரும் சேர்ந்து அவர் நெஞ்சைக் கெடுத்துவிட்டன. அவர் முதலில் ஓய்வு பெற்றார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். தை வரை இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கே போவது?

எங்களுக்கு ஒரே மகள், கோமதி. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மருமகன் செந்தில் தங்கமான பிள்ளை. எங்களுக்காகவே வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டியிருந்தார். "ஏனுங்கத்தை, அந்தக் குளுருல கெடந்து என்னத்துக்குங்க கஷ்டப்படறீங்க? நம்ம ஊட்டுக்கு வந்துருங்க" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

அப்படியென்றால் போய்விட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் பேரனுக்குக் காது குத்தப் போன சித்திரையில் அந்த ஊர் வெயிலை நாங்கள் பார்த்துவிட்டோம். குளிரிலேயே இருந்து பழகிய உடம்பு. பந்தலில் உட்கார்ந்திருந்த மனுஷர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றினார்கள். கண் விழித்ததும், "ஏளா, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. ஊருக்குப் போயிருவோம்" என்றார். மகள் முகம் சுருங்கிப் போனது.

என் மனதும் சரியில்லை. எனக்கு மலையை விட்டு இறங்கப் பிடிக்கவில்லை. என் சிநேகிதிகள் எல்லோரும் இங்கேதான். நான் பேசுகிற பேச்சு இங்கே எல்லோருக்கும் புரியும். என் முருகன் கோவில் இங்கேதான் இருக்கிறது. மகள் வீட்டில் எவ்வளவு அன்பாக வைத்துக்கொண்டாலும், அடுப்படியில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அதனால் தீபாவளி கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் எஸ்டேட் முருகன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் மகள் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். கும்பிட்டுவிட்டு எடுத்தேன். பிரித்தால் சிவப்பு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! சாமியே சொல்லிவிட்டார், இனி யார் என்னைக் கிளப்ப முடியும்? மூணாறிலேயே வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பூக்கட்டியதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் மார்கழி வந்தது. ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவரால் கையை நீட்ட முடியவில்லை. உதடு நீலமாக இருந்தது. பேச வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்கிலும் வாயிலும் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கும் மேலே அங்கே இருந்தோம். கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மலையாளத்துக்காரர், பொறுமையான மனுஷர். "அம்மே, இவர்க்கு ஈ தணுப்பு பற்றில்லா" என்றார். இந்தக் குளிர் இவருக்கு ஆகாது என்று அர்த்தம். இன்னொரு குளிர்காலத்தை இங்கே வைத்துப் பார்க்காதீர்கள், கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று விளக்கிச் சொன்னார்.

டாக்டர் போ என்கிறார். சாமி போகாதே என்றிருக்கிறார். நான் எதைக் கேட்பேன்? சாமி வாக்கை மீறிப் போய் அங்கே அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், நான்தான் காரணம். இங்கேயே வைத்திருந்து ஒன்று ஆகிவிட்டாலும் நான்தான் காரணம். யாரிடமும் சொல்ல முடியவில்லை. சோறு இறங்கவில்லை. முருகன் பெயரைச் சொன்னாலே தைரியம் வருகிறவள் நான். அந்தப் பெயரைச் சொல்லவே பயந்த நாட்கள் அவை.

தை பிறந்தது. கோவிலுக்குப் போனேன். பூசாரியிடம், "சாமி, இன்னொரு தடவ பூக்கட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏன் தாயி, மொதல்ல சொன்னது பிடிக்கலியா?" என்று கேட்டுவிட்டுத் திரியைத் தூண்டப் போய்விட்டார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகு என்னை அறியாமல் வந்தது அந்த வேண்டுதல். "முருகா, போகட்டுமா இருக்கட்டுமான்னு இனிமே நான் கேக்கல. அவுக ஒரு ராத்திரி காலை நீட்டிப் படுத்துத் தூங்கணும். அது எந்த ஊர்ல நடக்குதோ, அந்த ஊர்ல நான் இருந்துக்கிடுதேன். எனக்குப் பிடிச்சாலும் சரி, பிடிக்காட்டாலும் சரி." இதுதான் நான் கேட்டது. இவ்வளவு நாளும் என் விருப்பத்தைத்தான் அவன் முன்னால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் அவருடைய மூச்சுத்திணறலை மட்டும் வைத்தேன்.

குளிர் குறையும்வரை மகள் வீட்டில் இருந்து பார்ப்போம் என்று இரண்டு பைகளோடு கிளம்பினோம். மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு காடு, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போக வேண்டும். மதிய பஸ்ஸில் உட்கார்ந்தோம். சாமி வேண்டாம் என்ற ஊருக்குப் போகிறோமே என்று வழியெல்லாம் எனக்குப் பயம். மறையூர் தாண்டி, காட்டுக்குள் நுழையும் இடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். முன்னால் யானைக் கூட்டம் ரோட்டில் நிற்கிறது, குட்டி இருப்பதால் நகராது என்றார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. பொழுது சாய்ந்தது. இருட்டிவிட்டால் அந்தக் காட்டு வழியில் விட மாட்டார்கள். பஸ்ஸைத் திருப்பி மறையூரிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வாக்கை மீறியதற்கு முருகன் வழியை அடைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ராசாத்தி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மறையூர்க்காரி. வீட்டுக்காரர் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுகிறவர். உடுமலையில் ஒரு வேலையாகக் கிளம்பி, எங்களோடு திரும்பி வந்தவள். நான் முழிக்கிறதைப் பார்த்துவிட்டு, "எங்கக்கா போவீங்க இப்ப?" என்று கேட்டாள்.

"இங்கதாம்மா, ஸ்டாண்டுல உக்காந்துக்கிடுதோம்."

"நல்லா இருக்கே! மூச்சு வாங்குற மனுசன வெச்சுக்கிட்டு ஸ்டாண்டுல உக்காருவீங்களா? எந்திரிங்க அண்ணே, வீடு பக்கந்தான்" என்று சொல்லி எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். முன்பின் தெரியாதவள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது.

ரசமும் சோறும் கொடுத்தாள். அவருக்கு வழக்கம்போல ஒரு நாற்காலி போட்டுத் தலையணை வைத்தோம். நான் பக்கத்தில் பாய் விரித்தேன். இத்தனை நாள் களைப்பு, எப்போது தூங்கினேன் என்றே தெரியாது.

விழித்தபோது ஜன்னல் வழியாக முகத்தில் வெயில் அடித்தது. நாற்காலியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. திரும்பினால், பாயில் என் பக்கத்தில் அவர் மல்லாந்து கிடந்தார். கால் இரண்டும் நீட்டியபடி, கை பக்கத்தில், வாய் லேசாகத் திறந்து. அசைவில்லை. அவர் அப்படிப் படுத்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. போய்விட்டார் என்றே நினைத்தேன். மூக்கருகே கையைக் கொண்டுபோனேன். சூடாக மூச்சு வந்தது. சீராக, அமைதியாக.

என் கை பட்டதும் கண்ணைத் திறந்தார். "என்னட்டி, எதுக்கு இப்படிப் பாக்குதே?"

"எப்பம் படுத்தீக?"

"தெரியலியே. முதுகு வலிச்சுது, கொஞ்சம் சாஞ்சு பாப்போம்னு படுத்தேன். அப்படியே தூங்கிட்டேன் போல." சொல்லும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் பூக்கட்டிப் பார்த்த கதையை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"சாமிகிட்ட என்னன்னு கேட்ட?"

"பாலக்காட்டுக்குப் போகலாமான்னு."

"மறையூருக்கு வரலாமான்னு கேட்டியா?"

"இல்லியே."

"பொறவு என்ன?" என்றார்.

முருகன் வேண்டாம் என்று சொன்னது ஒரே ஓர் ஊரை. மூணாறிலேயே கிட என்று அவன் எனக்குச் சொல்லவே இல்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்டது.

ஆனாலும் ஒரு நாள் தூக்கத்தை நம்பி அவசரப்படவில்லை. ராசாத்தி வற்புறுத்தியதால் சில நாள் அங்கேயே தங்கினோம். மறையூரும் மலைதான். ஆனால் மூணாறு மழையும் மூடுபனியும் அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. காய்ந்த காற்று, இதமான வெயில். தினமும் அவர் படுத்துத்தான் தூங்கினார். ஒரு நாள் மூணாறுக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அந்த ஊரிலேயே இருங்கள், மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார்.

மகளிடம் சொல்வதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. அவளும் மருமகனும் எங்களைக் கூட்டிப்போக வண்டி எடுத்துக்கொண்டு மறையூருக்கே வந்துவிட்டார்கள். நான் மெதுவாகச் சொன்னேன். கோமதி அழுதுவிட்டாள். "நாங்க கட்டின ரூம்ல யாரும்மா இருப்பா?" என்றாள். செந்தில் தலையைக் குனிந்துகொண்டு, "நாங்க ஏதாவது கொற வெச்சுட்டமுங்களா அத்தை?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் நெஞ்சை அறுத்தது.

பதிலை என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "மாப்ள, ஒரு கொறையும் இல்ல. உங்க ஊரு வெயில் எனக்கு ஆகல, எங்க ஊரு குளிர் எனக்கு ஆகல. நடுவுல ஒரு ஊரு இருக்குன்னு எனக்கே இப்பந்தான் தெரிஞ்சுது. நல்லா மூச்சு விட்டுட்டு இருந்தாத்தானே உங்க வீட்டுக்கு வர முடியும்?"

செந்தில் வெளியே போய் நின்றார். பிறகு உள்ளே வந்து, "செரிங்க மாமா. குளுரு காலத்துல எங்கூர்ல வெயில் தெரியாதுங்க. மார்கழிக்கு எங்கூட்லதான் இருக்கோணும்" என்றார். கோமதியின் மனம் ஆறச் சில மாதம் ஆனது. அதை மறைக்க மாட்டேன்.

வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளின் புகை எட்டாத மேட்டில் ஒரு சின்ன வீட்டை ராசாத்தியே பார்த்துக் கொடுத்தாள். தை கடைசியில் பால் காய்ச்சினோம். மாதா மாதம் கார்த்திகை விரதத்துக்குப் பஸ் ஏறி எங்கள் எஸ்டேட் கோவிலுக்குப் போய்வருகிறேன். அவருக்கு முழுசாகக் குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்ஹேலரை வாயில் வைத்து மருந்து இழுக்கிறார். மேடு ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவார். ஆனால் படுத்துத் தூங்குகிறார். அதுதான் நான் கேட்டது. கேட்டது கிடைத்தது.

நான் மாறிவிட்டேன். முன்பெல்லாம் முருகனிடம் எனக்குப் பிடித்த பதிலை வாங்கத்தான் போவேன். இப்போது வலியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

கோவில் பஜனைக் கூட்டத்தில் இதைச் சொன்ன அன்று ஓர் அக்கா கேட்டார்: "மறையூரு வெயில்ல யாரு இருந்தாலும் நெஞ்சு தெளியும். இதுல முருகன் என்ன செஞ்சாரு?" நல்ல கேள்விதான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்தார். "வெயில் அங்க எப்பவும்தான் இருந்துது தாயி. நாங்கதான் இத்தன வருசம் அதக் கடந்து போயிக்கிட்டு இருந்தோம். எங்கள எறக்கி விட ஒரு ஆள் வேணும்லா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வேலை ஓய்ந்து, எந்த ஊரில் மீதி நாளைக் கழிப்பது என்று தெரியாமல் தவிக்கிற யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வைத்தியம் பாருங்கள். பிள்ளைகளிடம் மனம் விட்டுப் பேசுங்கள். முருகனிடமும் போங்கள். பதிலை நீங்களே தீர்மானித்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத ஓர் ஊரில், முன்பின் தெரியாத ஒருத்தி உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். சந்தேகப்படாமல் அவள் பின்னால் போங்கள்.