எஞ்சின் பங்கும் வைத்தியச் சந்தாவும்

சோளகக் காற்று அள்ளிவந்த மணல் கதிரைகளில் படிந்திருந்தது. தட்டிவிட்டு உட்கார்ந்தேன். நான் தாராபுரத்துக்காரன். சிலாவத்துறை மீனவர் சங்கக் கூட்டத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. என் தங்கச்சியின் இதயத்துக்காகத்தான் போயிருந்தேன்.

வால்வு ஒன்று சுருங்கி வருகிறது, ஒப்பரேசன் தேவைப்படலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சங்கத்தின் வைத்திய நிதியில் அவள் குடும்பம் இருக்கும்வரை செலவுக்குப் பயமில்லை. ஆனால் முந்தைய வருடம் ஒரேயொருவரின் சிறுநீரகச் சிகிச்சை அந்த நிதியைத் துடைத்து எடுத்துவிட்டது. சந்தா ஏறியது. நோயில்லாத குடும்பங்கள் விலகின. விலக விலக, மிஞ்சியவர்களின் சந்தா இன்னும் ஏறியது. இனி என்னால் முடியாது, விலகப்போகிறேன் என்று அவள் புருஷன், என் மச்சான், சொல்லிவிட்டார்.

மாகாணக் கந்தோரிலிருந்து வந்திருந்த அலுவலர், ஒரு பெண், புதுத் திட்டத்தைச் சொன்னார். ஒருவருடைய சிகிச்சைச் செலவு குறித்த எல்லையைத் தாண்டினால், தாண்டியதில் பெரும்பகுதியை அரசு சங்கத்துக்குத் தரும். ஆகவே எல்லோருடைய சந்தாவும் குறையும்.

மச்சான் எழும்பினார். "மிஸ், பெரிய வருத்தக்காரருக்கு அரசாங்கம் குடுக்குது, சரி. சுகமா இருக்கிற எனக்கு ஏன் குறையுது? எங்கட சங்கம் சும்மா இரக்கம் காட்டினதை நான் கண்டதில்லை."

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, என்னையும் அதே கேள்விதான் அரித்துக்கொண்டிருந்தது. எவருக்கோ, எப்போதோ வரப்போகும் செலவு, இந்த வீட்டின் இந்த மாதத்தை எந்த வழியால் வந்து தொடுகிறது?

பெண்கள் பக்கத்திலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "பிடிச்ச மீனைப் பிரிக்கேக்க வள்ளத்து எஞ்சினுக்கு ஒரு பங்கு ஏன் எடுத்து வைக்கிறீங்கள்?"

"அது முழுசாப் போனா ஆர் வாங்கித் தாறது? உங்கட நானாவா?" மச்சான் அவளுடைய அண்ணனான என்னைக் காட்டிக் கேட்டார்.

"ஓம், நானா தாறார் எண்டு வையுங்கோ. சின்னத் திருத்தம் மட்டும் உங்கட பாடு. அப்பவும் முழுப் பங்கு வைப்பீங்களா?"

"விசரே? கால் பங்கு காணும். மிச்சத்தை ஆக்களுக்குப் பிரிச்சுக்..."

நிறுத்திவிட்டார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் இவர்கள் கட்டியது வந்த நோய்க்கு மட்டுமில்லை. வரக்கூடிய அந்த ஒரு பெரிய நோயின் பயத்துக்கும் மாதாமாதம் பங்கு வைத்திருந்தார்கள். பயத்தின் பாரமான நுனியை வேறொருவர் தோளில் ஏற்றினால், இந்த நுனி இலேசாகிறது.

"அரசாங்கம் எவ்வளவு காலத்துக்குத் தாங்கும், மிஸ்?" மச்சான் அலுவலரிடம் கேட்டார்.

"இந்த வருசத்துக்கு எழுத்தில இருக்கு. பிறகு நீங்கள் எல்லாரும் சேர்ந்துதான் கேக்கோணும். விலகினவையும் திரும்பி வந்தால்தான் சந்தா இன்னும் இறங்கும்."

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு, முதலில் விலகிய கூட்டாளியின் வீட்டுக்குப் போனார். வாட்டசாட்டமான அந்த மனிதர் வாசலிலேயே மறித்தார். "நீயும் விலகிறன் எண்டுதானே திரிஞ்சநீ? இப்ப என்னத்துக்கு வந்தநீ?"

மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ நல்ல சுகமா இருக்கிறாய். அதுக்காகத்தான் தேடி வந்தனான்."