நான் எண்ணிய கூடுகள்

அன்று காலை குளத்தங்கரையில் இருந்தவர்கள்: மடை திறந்துவிடுகிற அண்ணன். அவர் பெண்டாட்டி, எங்களுக்கு மதினி. மதினியின் மடியில் ஒரு வக்காக் குஞ்சு. நான்.

கொட்டாரம் ஊருக்கு மேற்கே சின்னக் குளம் அது. நடுத் திட்டில் மருத மரங்கள். வருஷம் தவறாமல் வக்காவும் கொக்கும் அங்கே கூடு கட்டும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். வயல் வேலைக்கு இடையில் எழுதினேன். சுதந்திரம் கிடைத்த வருஷம் முதல் கதை அச்சில் வந்தது. அண்ணனும் மதினியும் போட்ட சண்டைதான் கதை. பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தேன். வாத்தியார் வாசித்துக் காட்டியபோது மதினிக்குத் தெரிந்துவிட்டது. சிரித்தாள். தான் அடித்த அடியை நான் குறைத்துப் போட்டிருக்கிறேன் என்றாள். பிறகு கவிதை எழுதினேன். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. யாரும் வாசிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் இந்தக் குளத்துப் பறவைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். பத்திரிகைக்காரர் கடிதம் போட்டார். கதை மாதிரி இருக்கிறதாம். இடமும் எண்ணிக்கையும் இருந்தால் நம்புவார்களாம்.

குஞ்சு பறக்கிறவரை கூடுகளை எண்ணக் கூடாது என்பது அந்தக் கரையில் வழக்கம். எண்ணினால் குறையும் என்பார்கள். அண்ணனிடம் கேட்டேன். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். அவர் மடைக்குப் போன நேரம் பார்த்து எண்ணினேன். எண்பத்தாறு. ரோட்டில் இருந்து எந்த வரப்பில் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

கட்டுரை வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் வந்தது. மூன்று பேர், இரண்டு துப்பாக்கி. சுட வேண்டாம் என்று அண்ணன் கும்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவர்கள் பத்திரிகையைக் காட்டி, உங்கள் ஊர்க்காரனே வழி சொல்லியிருக்கிறான் என்றார்களாம். நான் அந்நேரம் கொட்டாரத்துக் கடையில் அதே பத்திரிகையில் இன்னும் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகும் நிறைய எழுதினேன். எந்தக் குளத்துக்கும் வழி எழுதவில்லை. அதனால் இந்தக் குளத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான் முதலில் சொன்னது கார் வந்துபோனதற்கு மறுநாள் காலை. தண்ணீர் முழுக்க இறகு. மதினி குஞ்சின் வாயில் மீன் துண்டை வைத்துப் பார்த்தாள். அது வாங்கவில்லை.

"கதையில எங்க பேரை மாத்தத் தெரிஞ்சுதுல்லா," என்றாள். "இதுக்கு மாத்தத் தெரியலியா?"



அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"இப்பம் எண்ணும் ஓய்."

முடியாது என்றேன். அவர் நகரவில்லை. அதனால் எண்ணினேன். பறவை உட்கார்ந்திருந்த கூடுகளை மட்டும்.

பதினொன்று.