வார்த்தையை விழுங்காத சிடி பிளேயர்

எல்லிஸ் வார்லி வீட்டில் இருந்த பாட்டுக் கருவிகளுக்கு மூன்று வருடமாக நல்ல பெயரே கிடையாது. முதலில் ரெக்கார்டு பிளேயரின் ஊசி தேய்ந்துவிட்டது என்றார். புது ஊசி வந்தது. பிறகு ஸ்பீக்கர் மழுங்கிவிட்டது என்று அதை மாற்றினார். அடுத்து ஒயர் மேல் பழி விழுந்தது. ஆம்ப்ளிஃபயரில் கீச்சொலியைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைக் கடைசி வரை திருகிவைத்துவிட்டு, இன்னும் திருக இடமில்லையே என்று வருத்தப்பட்டார். அவர் பாட்டு போட்டதும் மனைவி அக்னஸ் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ரேடியோவில் பேசுகிறவர்கள் முன்பு போல வாயைத் திறந்து பேசுவதில்லை என்று வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம்கூட எழுதிப் போட்டார்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எல்லிஸ் ஒன்றும் விவரம் தெரியாத ஆள் இல்லை. இங்கிலாந்தில் கோன் என்கிற ஊரில் விசைத்தறி மேஸ்திரியாக முப்பத்து நான்கு வருடம் இருந்தவர், எந்தத் தறியில் எந்த ஆணி லூஸ் என்று தொட்டே சொல்லக்கூடியவர். ஆனாலும் மேடைதான் கோணல் என்று அவர் நம்பியாக வேண்டியிருந்தது. நம்பாவிட்டால் கோணல் வேறு எங்கே என்று பார்க்க வேண்டிவரும். அதற்குத்தான் மனிதர் பயந்தார்.

பயத்துக்குக் காரணம் அவருடைய மாமா ஹெர்பர்ட். நிலக்கரிச் சுரங்கத்து ஆள். காது போன பிறகு பன்னிரண்டு வருடம் தொழிலாளர் மன்றத்தில் ஹீட்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முதல் வருடம் ஆட்கள் அவர் காதருகே வந்து கத்தினார்கள். இரண்டாம் வருடம் தூரத்திலிருந்து கையைக் காட்டினார்கள். அப்புறம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மேசைக்குப் போனார்கள். வாரா வாரம் அந்தக் கோட்டுக் குவியலைப் பார்த்தவர் எல்லிஸ். அவரும் அதில் தன் கோட்டைப் போட்டிருக்கிறார்.

இந்த நிலையில்தான் சிடி என்கிற அந்த வெள்ளித் தட்டு வீட்டுக்கு வந்தது. அவர்கள் ஊரில் சேலம் என்று பெயர் வைத்த சர்ச்சின் பெண்கள் பாடகர் குழு, கூரையைப் பழுதுபார்க்க நிதி திரட்டுவதற்காகத் தன் பாட்டுகளைச் சிடியாகப் போட்டிருந்தது. ஒன்பதாவது பாட்டில் அக்னஸ் தனியாக நான்கு வரி பாடியிருந்தாள். ஊரில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். புருஷன் மட்டும் கேட்கவில்லை. பிளேயர் வாங்க வேண்டும், நல்லதாகப் பார்க்க வேண்டும், அவசரப்பட்டால் ஆகாது என்று ஆறு வாரத்தை ஓட்டிவிட்டார். பத்திரிகைகளில் பிளேயர்களுக்கு நட்சத்திரம் போட்டு எழுதியதையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தார். அக்னஸ் ஒரு வார்த்தை நச்சரிக்கவில்லை. அதுவே அவரை இன்னும் மிரட்டியது.

சிடியில் ஊசி இல்லை, கீறல் இல்லை, இரைச்சல் இல்லை. இதிலும் வார்த்தை தெளியாவிட்டால் பழி போட இனி ஒரு சாமானும் மிச்சமில்லை. இருந்தாலும் எத்தனை நாள் தள்ளுவது? பிப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை, சிடியைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊரான பர்ன்லிக்குப் பஸ் ஏறினார்.

பிளேயர் விற்கிற கடை ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே, மாடியில். பத்து மணிக்கு நேரம் குறித்து வாங்கியிருந்தார். கடைக்காரர் கிராப்ட்ரீ நாற்பதுக்குள் இருப்பார். தாடி, கம்பளிச் சட்டை, கையில் எந்நேரமும் டீக் கோப்பை. மிஸ் ஹோல்டன் என்று ஒரு பள்ளி ஆசிரியையும் வந்திருந்தார். இருநூறு பவுண்டுக்குள் பிளேயர் தேடுகிறவர்தான் அவரும். சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாமா என்று கேட்டார். எல்லிஸ் மறுக்கவில்லை. மறுக்கக் காரணம் சொல்ல முடியாதே.

மூன்று பிளேயர்கள் தயாராக இருந்தன. ஜப்பான்காரன் செய்தது ஒன்று, டச்சுக்காரன் செய்தது ஒன்று, இங்கிலாந்துக்காரன் செய்தது ஒன்று. ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள் குமிழைத் தேடினார் எல்லிஸ். குமிழே இல்லை. நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு அதெல்லாம் தேவையில்லை என்று கிராப்ட்ரீ பெருமையாகச் சொன்னார். பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கின்மேல் கை வைத்தார்.

"எது ஓடுதுன்னு நான் சொல்ல மாட்டேன். பாத்துக்கிட்டே கேட்டா கண்ணுதான் கேக்கும், காது சும்மா கெடக்கும். நம்ம கடையில எப்பவும் இருட்டுலதான்."

விளக்கு அணைந்தது. ஆர்கன் வந்தது, நன்றாகவே வந்தது; எல்லிஸ் மூச்சை விட்டார். குழு பாடி முடிந்து அக்னஸ் ஆரம்பித்தாள். அவள் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தாலாட்டுகிற மாதிரி ஆ, ஓ என்று ராகம் மட்டும் வந்தது. வார்த்தை ஒன்றுகூட இல்லை. நான்கு வரியும் அப்படியே போய்விட்டது.

"இந்த மிஷின் வார்த்தைய முழுங்குது," என்றார் எல்லிஸ்.

இருட்டில் கிராப்ட்ரீ ஏதோ சொன்னார். கஞ்சி கொதிக்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. "ஆமா, ஆமா," என்றார் எல்லிஸ். புரியாததற்கெல்லாம் அவர் சமீபகாலமாக வைத்திருந்த பதில் அதுதான். விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த வரியில் முழுங்குது என்று கடைக்காரர் வெளிச்சத்தில் மறுபடி கேட்டபோதுதான் கேள்வியே விளங்கியது. அதற்கு ஆமா என்றால் என்ன அர்த்தம்?

இரண்டாவது பிளேயர் ஓடியது, மூன்றாவதும் ஓடியது. அதே சுவர், அதே தாலாட்டு. விளக்கு வந்ததும் மிஸ் ஹோல்டன் அவர் பக்கம் திரும்பினார்.

"மூணாவதுல அந்தம்மா வரிக்கு முன்னால மூச்சு இழுக்கறதுகூட கேக்குது. உங்களுக்குக் கேட்டுச்சா?"

வெளிச்சத்தில் அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் விளங்கியது. பின்னே, காதுக்கு என்ன கேடு என்று எல்லிஸ் ஒரு கணம் தெம்பானார். அந்தத் தெம்பு கிராப்ட்ரீ ஒயரை மாற்றத் திரும்பும் வரைதான் இருந்தது. கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார், கஞ்சி கொதித்தது. முகத்தைத் திருப்பினார், வார்த்தை வந்தது. மறுபடி குனிந்தார்; மறுபடி கஞ்சி.

எல்லிஸ் தறிக்கூடத்து ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது. நானூறு தறி ஓடுகிற இடத்தில் யாரும் குரல் விட்டுப் பேசுவதில்லை. உதட்டைப் பெரிதாக அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். ஊர் வம்பு முழுக்க அப்படித்தான் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும். அக்னஸும் அங்கே தறி ஓட்டியவள்தான்; இருவரும் பதினைந்து வயதில் பழகியது. வேலைக்கான வித்தை, அதை வேலையிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்றுதான் எல்லிஸ் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

சோதித்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். சனியன், மனசு கேட்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை என்று ஆசிரியையிடம் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்போது கூரையைப் பார்த்தார். ஒன்றுமே வரவில்லை. பார்வையைக் கீழே இறக்கினார். கடைசிச் சொல்லின் வால் மட்டும் கிடைத்தது. பாட்டு மட்டும் போகவில்லை, மனிதர்களும் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த அறையை விட்டு ஓடினால் போதும் என்றாகிவிட்டது. நடுவில் இருந்த டச்சுப் பிளேயரைக் காட்டினார். ஏன் என்று கேட்டதற்கு வார்த்தை தெளிவாக இருக்கிறது என்றார். கிராப்ட்ரீ பெட்டியைக் கட்டினார். கட்டி முடித்து, நேராக அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்று, நிதானமாகச் சொன்னார்.

"வீட்டுல யாரையாவது கூட வச்சுக்கிட்டுக் கேட்டுப் பாருங்க, மிஸ்டர் வார்லி. சரிவரலன்னா திருப்பிக் கொண்டாங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அந்த மனிதர் எதிரே வந்து நின்ற விதத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துபோய்விட்டது என்பது எல்லிஸுக்குப் புரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தார். சிக்னலில் பஸ் நின்றது. எதிர்ப்புற நடைபாதையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகளுக்கு மறுபடி மாசமாம், அதற்குள் என்ன அவசரமாம். கண்ணாடி மூடியிருந்தது, நடுவே ஒரு சாலை இருந்தது. ஆனாலும் ஒரு சொல் தவறாமல் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ கேட்டார், எல்லிஸ் திரும்பவில்லை. திரும்பினால் வரும், திரும்பாவிட்டால் வராது என்று அவருக்கு இப்போது தெரியும். சாலைக்கு அப்பால் இருப்பவர்களும் தோளோடு தோள் இருப்பவரும் அவருக்கு ஒன்றாகிவிட்டார்கள். ஹெர்பர்ட் மாமாவின் பக்கத்து நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பிளேயரை இணைத்தார். அக்னஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பதாவது பாட்டைப் போட்டார். ஸ்பீக்கரைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

ஆர்கன், குழு, பிறகு அவள். வார்த்தை வந்தது. முதல் வரி, இரண்டாம் வரி, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, பளிச்சென்று. எல்லிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. கடையில்தான் ஏதோ கோளாறு, அந்த இருட்டறைதான் கோளாறு, என் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று மனசு குதித்தது. கண்ணில் நீர் முட்டவே முகத்தைத் திருப்பினார். உடனே வார்த்தை நின்றுபோனது; ராகம் மட்டும் ஓடியது. திடுக்கிட்டுத் திரும்பினார். தன் பாட்டோடு தன்னையறியாமல் அக்னஸ் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"மணி அடிச்ச மாதிரி. ஒவ்வொரு வார்த்தையும்," என்றார்.

அக்னஸ் எழுந்து பிளேயரை நிறுத்தினாள். நாற்காலியை இழுத்து, முழங்கால் முட்டுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லிஸ், இப்ப நான் பேசுறனே. எனக்குக் குரல் வருதா?"

"இதென்ன கேள்வி? வருது."

"வரல. ஆகஸ்ட் மாசத்துலேர்ந்து உங்கிட்ட நான் குரல் விட்டே பேசல."

எல்லிஸ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிடிக்குப் பாட்டு எடுக்கறதுக்கு முன்னால தொண்டைக்கு ரெஸ்ட் குடுன்னு குழுவுல சொன்னாங்க. ஒரு வாரம், தறிக்கூடத்துல பேசுவமே, அப்படி வாய மட்டும் அசச்சேன். என்னடி உன் குரலைக் காணோம்னு நீ கேப்பன்னு பாத்தேன். நீ எல்லாத்துக்கும் பதில் சொன்ன. குரலப் பத்தி மட்டும் கேக்கவே இல்ல."

"ஒரு வாரம் சரி. அப்புறம் ஏன் நிறுத்தல?"

"பயந்துட்டேன். திரும்பக் குரல் விட்டாலும் உனக்கு வித்தியாசம் தெரியலன்னா? அதப் பாக்க எனக்கு தைரியம் வரல. நாளைக்கு, நாளைக்குன்னு ஆறு மாசம் ஓடிப்போச்சு."

அவர் பயந்ததில் பாதியை அவளும் தனியாகப் பயந்திருக்கிறாள், அதே வீட்டில், அதே மேசையில் உருளைக்கிழங்கு தின்றுகொண்டு. எல்லிஸுக்கு அவள்மேல் கோபம் வந்தது, உடனே வெட்கம் வந்தது, இரண்டையும் தள்ளிவிட்டு மறுபடி பயமே வந்தது. வியாழக்கிழமை காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். பழைய தறிக்காரர்கள் நிறையப் பேருக்குக் காதுச் சோதனை செய்கிறார்களாம், காதில் மாட்டக் கருவி தருகிறார்களாம். எல்லிஸ் எழுந்து ஜன்னல் வரை போனார். அங்கே போனால் அவள் பேச்சு கிடைக்காது என்று நினைவு வந்து திரும்பி வந்தார்.

"வர்றேன். ஆனா நீயும் உள்ள வா. டாக்டர் தோளுக்குப் பின்னாடி நின்னுக்க. அவர் கேக்கறத வாயசச்சிடு, நான் சொல்லிருவேன். ரெண்டு நிமிஷம்தான், அக்னஸ். யாருக்குத் தெரியப்போகுது?"

அறுபத்தொரு வயது மனிதர், பரீட்சையில் பார்த்து எழுத இடம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார். அக்னஸ் சிரிக்கவில்லை. அவர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"நான் வெளியில உக்காந்திருக்கேன்," என்றாள்.

இந்த முறை குரல் விட்டுத்தான் சொன்னாள். கழுத்து நரம்பு அசைந்தது. வார்த்தையோடு கூடவே, மெல்லிய ஒரு முனகல் எல்லிஸின் காதை எட்டியது. தன் மனைவியின் குரல் அது. ஆறு மாதம் அந்த முனகல் வீட்டில் இல்லாமல் இருந்திருக்கிறது, தான் கவனிக்கவே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். வியாழக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.