காசிம் அண்ணனும் ஆடிய ஸ்டீம் பைப்பும்

காசிம் அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவர் மகன் போன் செய்தான். "அத்தா மௌத்தாயிட்டாங்க அத்தை... தூக்கத்துலயே." சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதுவரைக்கும் இருப்புக்கொள்ளாமல் ஒற்றை விரலில் இதை டைப் செய்கிறேன்.

எனக்கே தொண்ணூறு தாண்டிவிட்டது. அவருக்கு நூற்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அழுதேன்... ஆனால் அவரை நினைத்தால் சிரிப்பும் கூடவே வந்துவிடுகிறது, என்ன செய்ய.

இங்கே படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. மதுரையில் நான் ரீலிங் செக்‌ஷனில் நூல் சுற்றிய மில்லில், பவர் ஹவுஸ் ஃபிட்டர். ஸ்டீம் பைப்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. வாய் கொஞ்சம் நீளம். "நான் கை வெச்சா பைப்பு பேசாம கெடக்கும்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அளப்பார்.

ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள் தல்லாகுளத்தில் என் வீட்டுக்கு வந்தார். மோட்டார் போட்டதும் மாடிக்குப் போகிற பைப் தடதடவென்றது. டீயைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூல் கேட்டார்.

"பேசாம உக்காருங்கண்ணே, பிளம்பர் வருவான்."

"அவன் வர்ற வரைக்கும் இம்புட்டு ஆட்டத்தையும் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

என் மருமகள் பயந்துபோய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். இவர் பாட்டுக்கு ஏறி, பைப்பைச் சுவரோடு பிடிக்கிற ஒரு கிளாம்ப்பை மாட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

சரி... சொல்ல வந்தது வேறு.

சுதந்திரம் வந்த மறுவருஷம் ஆயுத பூஜை. மில்லுக்கு லீவு, பாய்லர் ஆறிக் கிடந்தது. பவர் ஹவுஸ்காரர்கள் எல்லாவற்றையும் துடைத்து, பெயிண்ட் அடித்து, கண்ணில் பட்ட நட்டையெல்லாம் இறுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூஜையன்று எதுவும் லொடலொடவென்று இருக்கக் கூடாதாம். அதில் முதல் ஆள் காசிம் அண்ணன்தான். பொரிகடலை வாங்குவதிலும் அவர்தான் முதல்.

லீவு முடிந்து எஞ்சின் ஓடியதும் பைப் ஆட ஆரம்பித்தது பாருங்கள்... பாய்லரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற அந்தப் பைப் எங்கள் செக்‌ஷன் சுவரோரமாகத்தான் போகும். சுவரே அதிர்ந்தது. மேசையிலிருந்த நூல் பாபின்கள் உருண்டு விழுந்தன. அண்ணன் இன்னும் இறுக்கினார். இன்னும் ஆடியது. ஜாயின்ட்டில் ஆவி சீறியது.

மேனேஜர் சொல்லிவிட்டார். "திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இந்த செக்‌ஷனை மூடிருவோம். பொம்பளைங்க உசுருக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது."

மற்றவர்களுக்கு வேலை போகும். எனக்கு அதோடு முடியாது. வேலை நின்றால் என்னை எங்கள் ஊர் உசிலம்பட்டிக்குக் கூட்டிப்போய், ஏற்கெனவே கல்யாணமான மாமனுக்கு ரெண்டாந்தாரமாகக் கட்டிவைப்பதென்று அப்பா பேசி முடித்திருந்தார்.

அந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில், ஸ்டீம் வருவதற்கு முன்னால், சத்தமாவது குறையட்டும் என்று பைப்புக்கும் அதைத் தாங்குகிற இரும்புக்கும் நடுவே கழிவுப் பஞ்சைக் குச்சியால் குத்திக் குத்தித் திணித்தேன். விரல்கூட நுழையாத இடம். பைப் சூடேறியதும் அந்தப் பஞ்சு தானாகக் கீழே விழுந்தது.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏத்தா ஒச்சம்மா, மில்லைக் கொளுத்தப் பாத்தியா?"

"திட்டுறத அப்புறம் திட்டுங்கண்ணே. இறுக்கித் திணிச்ச பஞ்சு எப்படி விழுந்துச்சு? அதச் சொல்லுங்க."

ஏறிப் பார்த்தார். பைப் இரும்பின்மேல் உட்காரவே இல்லை. மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கீழே இறங்கி வந்தார்.

"சூடானா பைப்பு நீளும்த்தா. நகர வழியில்லாம ரெண்டு பக்கமும் நாந்தான் இறுக்கிப்புட்டேன். அதான் வளைஞ்சு மேல எந்திரிச்சிருச்சு. தாங்க ஒண்ணுமில்லாம அந்தரத்துல ஆடுது."

நேரே எஞ்சினியரிடம் போனார். "நாந்தான் சார் இறுக்குனேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவ்வளவு பெருமை பேசுகிற மனுஷன்! வேலையே போயிருக்கும். எஞ்சினியர் திட்டவில்லை, அவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, சூட்டில் பைப் எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாய்லரை ஆறவிட்டு, பைப் நீளவாக்கில் நகர இடம் விட்டு கிளாம்ப்புகளைத் தளர்த்தினார்கள். நடுவில் இன்னொரு தாங்கி வைத்தார்கள். அப்புறம் ஸ்டீம் விட்டு, சூடான பைப் எல்லாத் தாங்கியிலும் உட்காருகிற மாதிரி உயரத்தைச் சரிசெய்தார்கள்.

திங்கட்கிழமை எஞ்சின் ஓடியது. நாங்கள் அத்தனை பேரும் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றோம். காசிம் அண்ணன் பைப்பைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் சும்மா இருந்தது.

யாரோ குலவை போட்டார்கள். நானும் போட்டேன், தொண்டை கிழிய.

மத்தியானம் கேட்டில் அப்பா நின்றார். செக்‌ஷனை மூடப்போகிறார்கள் என்று யாரோ சொல்லி, என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். தனியாகப் போகப் பயமாக இருந்தது. அண்ணன் என்கூட வந்தார்.

"கெளம்புத்தா. மில்ல மூடுறாகளாம்ல."

"மூடலப்பா, ஓடுது. நான் வரல."

அப்பா அண்ணனைப் பார்த்தார். "நெசமாத்தானா தம்பி?"

"ஓடுதுங்கய்யா. இனி ஆடாது. இன்ஷா அல்லா, உங்க மக வேலையும் நிக்காது."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போனார். தனியாக.

அந்த பஸ்ஸில் நான் கடைசி வரைக்கும் ஏறவே இல்லை அண்ணே.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.